ரசிகர்கள் இல்லை, வாசிக்கிறவர்கள்: எம்.ஐ.டி. அறிபுனை மன்றத்தின் கதை

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



ரசிகர் மன்றம் அப்படின்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகத்துக்கு வருது? கட்-அவுட், பாலாபிஷேகம், முதல் நாள் முதல் காட்சி. இன்னைக்கு நாம பேசப்போறதும் ஒரு ரசிகர் மன்றத்தைப் பத்திதான். ஆனா அந்த மன்றத்துக்காரங்க தங்களை ரசிகர்கள்னு சொன்னாலே ஒத்துக்க மாட்டாங்க. "நாங்க ரசிகர்கள் இல்லை, இதையெல்லாம் சும்மா படிக்கிறவங்க, அவ்வளவுதான்" என்பதுதான் அவர்களுடைய முழக்கமே.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், அதாவது எம்.ஐ.டி.யில், 1949இல் மாணவர்கள் தொடங்கிய அறிவியல் புனைகதை மன்றம் அது. எழுபது ஆண்டுகளைத் தாண்டி இன்னும் நடக்கிறது. 60,000க்கும் மேற்பட்ட புத்தகங்களும் இதழ்களும் அவர்களிடம் இருக்கின்றன. இதில் எனக்கு ஒரு கேள்வி இருக்குங்க. கல்லூரி மன்றங்கள் எப்படிப்பட்டவைன்னு நமக்குத் தெரியும். துடிப்பான நாலு பேர் சேர்ந்து ஆரம்பிப்பாங்க. இரண்டு வருஷம் ஓஹோன்னு போகும். அந்த நாலு பேரும் படிப்பை முடிச்சு வெளியே போனதும் மன்றமும் போயிடும். பூட்டின அலமாரியும் மங்கிப்போன ஒரு பேனரும்தான் மிச்சம். நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஆளே மொத்தமா மாறுகிற இடத்தில், ஒரு மன்றம் எழுபது வருஷம் எப்படி நிற்க முடிந்தது? இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடப்போறோம்.

எந்த எம்.ஐ.டி.?

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். சென்னையில் இருக்கிறவங்களுக்கு எம்.ஐ.டி.ன்னா குரோம்பேட்டைதான். இது அது இல்லை. ஆனா ஒரு வேடிக்கையைப் பாருங்க: குரோம்பேட்டை எம்.ஐ.டி. தொடங்கப்பட்டதும் அதே 1949இல்தான். தமிழில் அறிவியல் புனைகதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த சுஜாதா படித்ததும் அங்கேதான். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை, தற்செயல்தான். இருந்தாலும் பொறியியல் படிக்கிற இடத்திலிருந்து இந்த மாதிரிக் கதைகளின் மேல் பைத்தியம் கிளம்புவது தற்செயல் இல்லை. அது ஏன்னு பார்ப்போம்.

முகவரியோடு வந்த கடிதங்கள்

1926 ஏப்ரலில் நியூயார்க்கில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற இதழை ஹியூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே ஆங்கிலத்தில் வந்த முதல் இதழ் அது. வாசகர் கடிதங்களை வெளியிடும்போது, எழுதியவருடைய முழு முகவரியையும் சேர்த்து அச்சடிப்பது அதன் வழக்கம். சின்ன விஷயம்தான். ஆனா அதுவரைக்கும் தன் ஊரில் தான் ஒருத்தன்தான் இந்த மாதிரிக் கதை படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த பையனுக்கு, இரண்டு தெரு தள்ளி இன்னொருத்தன் இருக்கிறான்னு அதைப் பார்த்துத் தெரிந்தது. கடிதம் போட்டார்கள், சந்தித்தார்கள், சங்கம் வைத்தார்கள், கையால் சுற்றும் பிரதி எடுக்கும் இயந்திரத்தில் சொந்தமாகச் சிற்றிதழ் போட்டார்கள். 1939இல் நியூயார்க்கில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடே கூடிவிட்டது.

1930 ஜனவரியில் 'அஸ்டவுண்டிங்' என்று இன்னொரு இதழ் வந்தது. 1937இன் கடைசியில் ஜான் டபிள்யூ. கேம்பெல் அதன் ஆசிரியரானார். 1971இல் சாகும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவரும் எம்.ஐ.டி.யில் இயற்பியல் படித்து, முடிக்காமல் வெளியேறியவர். ராக்கெட் பறக்குது, வேற்றுக்கிரகவாசி வர்றான் என்றால் மட்டும் அவருக்குப் போதாது. அந்த ராக்கெட் எப்படி வேலை செய்யும், அதனால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று கதாசிரியர்களைத் துளைத்தெடுப்பார்.

அது எந்த அளவுக்குப் போனதுன்னா, 1944 மார்ச் இதழில் கிளீவ் கார்ட்மில் என்பவர் யுரேனியம் அணுகுண்டை வைத்து ஒரு கதை எழுதினார். அப்போது அமெரிக்கா உண்மையான அணுகுண்டை ரகசியமாகச் செய்துகொண்டிருந்த நேரம். ரகசியம் கசிந்துவிட்டதோ என்று ராணுவ உளவுத்துறை ஆட்கள் கேம்பெலின் அலுவலகத்துக்கே வந்து விசாரித்தார்கள். எதுவும் கசியவில்லை, எல்லாம் நூலகத்தில் கிடைக்கும் அறிவியல் கட்டுரைகளில் இருந்த விஷயம்தான்.

இப்போ புரியுதுங்களா? பொறியியல் மாணவனுக்கு இந்தக் கதைகள் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. வகுப்பில் படிக்கிற இயற்பியலை எடுத்துக்கொண்டு விளையாடுகிற மைதானமும் இதுதான்.

சாணித்தாளும் நுண்படமும்

1949க்கு வருவோம். எம்.ஐ.டி.யில் ருடால்ஃப் ப்ரைசன்டார்ஃபர் என்று ஒரு மாணவர். பிற்காலத்தில் கடல் தண்ணீருக்குள் ஒளி எப்படிப் பரவுகிறது என்ற துறையில் பெரிய பெயர். அதைப் பற்றி ஆறு தொகுதிகள் எழுதியவர். ஆனா மன்றத்தைப் பொறுத்தவரை அவர் 'நிறுவனர் ரூடி', அவ்வளவுதான். 'அஸ்டவுண்டிங்' பழைய இதழ்களை நுண்படமாக, அதாவது மைக்ரோஃபிலிமாக, எடுத்துவைக்க அவருக்குத் துணைக்கு ஆள் தேவைப்பட்டது, அதிலிருந்துதான் மன்றம் பிறந்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

எதுக்கு நுண்படம் எடுக்கணும்? அந்த இதழ்கள் எந்தத் தாளில் அச்சாச்சுன்னு பார்த்தா விஷயம் விளங்கும். நாம சாணித்தாள்னு சொல்லுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி தாள். மரக்கூழை அப்படியே அழுத்திச் செய்தது. மரத்தில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. நல்ல தாளில் அதை நீக்கிவிடுவார்கள், மலிவுத் தாளில் நீக்க மாட்டார்கள். வெளிச்சமும் காற்றும் படப்பட அது மஞ்சளாகும். தாள் செய்யும்போது சேர்க்கிற படிகாரத்தால் உள்ளேயே அமிலம் உண்டாகி இழைகளை அரித்துக்கொண்டே இருக்கும். முப்பது நாற்பது வருஷத்தில் பக்கத்தைத் திருப்பினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். இந்த மலிவுக் கூழ்த் தாளை வைத்துத்தான் அந்த இதழ்களுக்கே 'பல்ப்' என்று பெயர் வந்தது.

சரி, பெரிய நூலகங்கள் இதையெல்லாம் காப்பாற்றாதா? அன்றைக்குப் பெரும்பாலும் இல்லை. அட்டையில் பச்சை நிறத்தில் ஒரு அரக்கன், அவன் கையில் ஒரு பெண். இதை எந்தப் பல்கலைக்கழக நூலகர் வாங்கி அடுக்குவார்? நம்ம வீடுகளில் வாரப்பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து, தைத்து, பைண்ட் பண்ணி வைத்த பாட்டிகளையும் அத்தைகளையும் நினைச்சுப் பாருங்க. நூலகம் வேண்டாம்னு விட்டதை வாசகர்களே எடுத்துவைத்தார்கள். அங்கேயும் அதுதான் நடந்தது. 1949இல் 'அஸ்டவுண்டிங்' 200 இதழ்களைத் தாண்டியிருந்தது. ஒருத்தர் ஒண்டியாகச் செய்கிற வேலை இல்லை அது. அதனால் மன்றம் வந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிங்க. சேர்ந்து அரட்டை அடிப்பதற்காகத் தொடங்கிய மன்றம் இல்லை இது. சேர்ந்து செய்ய வேண்டிய ஒரு வேலை இருந்தது. பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்

சேகரிப்பு மெல்ல வளர்ந்தது. வாக்கர் மெமோரியல் என்ற பழைய கட்டடத்தில் இருந்த மன்றம், 1960களில் புதிதாகக் கட்டப்பட்ட மாணவர் மையத்துக்கு மாறி, பல பத்தாண்டுகள் அதன் நான்காவது மாடியில் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை அலமாரிகள். இதழ்கள், மெத்தை அட்டைப் புத்தகங்கள், கெட்டி அட்டைப் புத்தகங்கள், வேற்று மொழிகளில் வந்தவை. ஆங்கிலத்தில் வெளியான அறிவியல் புனைகதையில் மிகப்பெரும் பங்கு தங்களிடம் இருக்கிறது என்பது மன்றத்தின் பெருமை.

இதைவிடப் பெரிய தொகுப்புகளும் இருக்கு. கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகம் 1969இல் ஈட்டன் என்ற மருத்துவரின் 7,500 புத்தகங்களை வாங்கித் தொடங்கிய தொகுப்பு இதைவிடப் பெரிது. கனடாவின் டொரண்டோ நகர நூலகத்தில், எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970இல் தந்த புத்தகங்களிலிருந்து வளர்ந்த தொகுப்பும் புகழ்பெற்றது. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வுத் தொகுப்புகளில் பொதுவாக நீங்கள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், உள்ளேயிருந்து ஒருவர் எடுத்துவருவார், அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். எம்.ஐ.டி. மன்றத்தில் அப்படி இல்லை. நீங்களே அலமாரிக்குப் போகலாம், கையில் எடுக்கலாம், புரட்டலாம். இப்படித் திறந்த அலமாரியில் இருக்கும் அறிவியல் புனைகதை நூலகங்களில் உலகிலேயே பெரியது இதுதான் என்பது அவர்கள் பேச்சில் தவறாமல் வரும் ஒன்று.

அட்டவணையில் தேடுவதற்கும் அலமாரியில் தேடுவதற்கும் என்ன வித்தியாசம்? அட்டவணையில், பெயர் தெரிந்த புத்தகத்தைத் தேடுவீங்க. அலமாரியில், நீங்க தேடாத ஒன்று பக்கத்தில் இருக்கும். அசிமோவைத் தேடிப்போனவர் அடுத்த தட்டில் இருக்கும், பேரே கேள்விப்படாத ஒருத்தரோட வீடு திரும்புவார். வாசகர் உருவாவது பெரும்பாலும் அந்த இரண்டாவது புத்தகத்தால்தான்.

நூலகத்துக்குச் சம்பள ஊழியர் கிடையாது. சாவி வைத்திருக்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் நூலகம் திறந்திருக்கும். அவர் வகுப்புக்குப் போகணும்னா மூடியிருக்கும். அவ்வளவு எளிமையான ஏற்பாடு.

பட்டியல் போட்டவர்கள்

பத்தாயிரம் புத்தகம் சேர்ந்த பிறகு ஒரு பிரச்சினை வரும். எது இருக்கு, எது இல்லைன்னு யாருக்குத் தெரியும்? சேர்த்துவைத்த மாணவருக்குத் தெரியும். அவர் பட்டம் வாங்கிப் போய்விட்டால்? அறிவும் அவரோடு போய்விடும்.

அதற்குத்தான் நூற்பட்டியல். இந்த மன்றத்தின் பட்டியலுக்குப் பெயர் 'பிங்க்டெக்ஸ்'. மேரிலின் விசோவாட்டி என்ற மாணவி தொடங்கிவைத்தது. மன்றத்தில் அவருடைய செல்லப்பெயர் 'ஃபஸி பிங்க்'. அந்தப் பிங்க்கும் இன்டெக்ஸும் சேர்ந்து பிங்க்டெக்ஸ். எம்.ஐ.டி.யில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருந்த காலம் அது. அறிவியல் புனைகதை ரசிகர் உலகமும் பெரும்பாலும் ஆண்கள் உலகம்தான். அந்த இடத்தில், இன்றைக்கும் நூலகத்தில் ஒவ்வொரு நாளும் யாரோ உச்சரிக்கிற சொல்லில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. இவரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையில் மறுபடியும் வருவார்.

பிங்க்டெக்ஸ் தன் வீட்டுக்கான பட்டியல். ஊருக்கே பயன்பட்ட பட்டியல் ஒன்றும் இங்கிருந்து வந்தது. 1926 முதல் 1950 வரை வந்த அறிவியல் புனைகதை இதழ்களுக்கு டொனால்ட் டே என்ற ரசிகர் ஒரு சுட்டி தயாரித்து 1952இல் வெளியிட்டார். எந்தக் கதை, யார் எழுதியது, எந்த இதழ், எந்த மாதம் என்று. அதற்குப் பிறகு வந்த இதழ்களுக்கு? 1966இல் எம்.ஐ.டி. மன்றம் 1951 முதல் 1965 வரைக்குமான சுட்டியை வெளியிட்டது. எர்வின் ஸ்ட்ராஸ் என்ற உறுப்பினர் கணினியின் துணையோடு தயாரித்தது. 1960களில் கணினின்னா ஒரு அறை முழுக்க இருக்கும் இயந்திரம் என்பதை மறந்துடாதீங்க.

இதில் என்ன பெரிய விஷயம்னு தோணலாம். ஒரு சிறுகதை புத்தகமாகத் தொகுக்கப்படாமல் இதழிலேயே நின்றுவிட்டால், சுட்டி இல்லாத பட்சத்தில் அது இல்லாததற்குச் சமம். எழுதியவருக்கே எந்த மாதம் வந்தது என்று மறந்திருக்கும். ஆய்வாளரோ தொகுப்பாசிரியரோ அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. இன்றைக்கு இணையத்தில் சொடுக்கினால் வருகிற கதைப் பட்டியல்களுக்கு முன்னோடி, இந்த மாதிரிச் சம்பளம் வாங்காத ஆட்கள் ராத்திரி உட்கார்ந்து போட்ட சுட்டிகள்தான்.

மாண்புமிகு கையாடல் அதிகாரி

இவ்வளவு உழைத்தார்கள் என்றதும் ரொம்ப உம்மணாமூஞ்சிகள் என்று நினைச்சுடாதீங்க. இந்த மன்றத்தில் தலைவருக்குத் தலைவர் என்று பெயர் இல்லை, 'ஸ்கின்னர்'. மதிப்புறு செயலாளர் என்பதைச் சுருக்கி 'ஆன்செக்'. பொருளாளருக்கு வைத்த பெயர்தான் உச்சம்: 'லார்ட் ஹை எம்பெஸ்லர்'. தமிழில் சொன்னால் மாண்புமிகு கையாடல் அதிகாரி. நம்ம ஊர்ச் சங்கங்களில் பொருளாளரைப் பற்றிப் பின்னால் பேசுகிறதை இவர்கள் பதவிப்பெயராகவே வைத்துவிட்டார்கள். 'ட்விலைட் சீன்' என்று ஒரு சிற்றிதழும் நடத்தினார்கள்.

இந்தக் கிண்டலுக்கும் ஒரு வேலை இருக்குன்னு நினைக்கிறேன். புதிதாக வருகிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, இந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டதும் தானும் உள்ளே வந்துவிட்டோம் என்ற உணர்வு வரும். அடுத்த வருஷம் வருகிறவருக்கு அவரே சொல்லிக்கொடுப்பார். எழுதிவைத்த சட்டதிட்டங்களை யாரும் படிக்க மாட்டார்கள். நகைச்சுவையை எல்லாரும் கடத்துவார்கள்.

இதே வளாகத்தின் சூழலில் நடந்த இன்னொன்றையும் சொல்லணும். 1961இல் எம்.ஐ.டி.க்கு பி.டி.பி.-1 என்ற கணினி வந்தது. ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் 1962இல் அதில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு விண்கலங்கள், நடுவில் ஈர்ப்புவிசையோடு ஒரு நட்சத்திரம், ஒருத்தரை ஒருத்தர் சுட வேண்டும். கணினி விளையாட்டு வரலாற்றில் முதல் வரிசையில் நிற்பது. இது மன்றத்தின் படைப்பு இல்லை. ஆனால் ரஸ்ஸலுக்கு அந்த எண்ணம் வந்தது ஈ.ஈ. ஸ்மித் எழுதிய 'லென்ஸ்மேன்' விண்வெளிக் கதைகளிலிருந்து. அந்த வரிசையின் முக்கியமான நாவல்கள் தொடராக வந்தது 'அஸ்டவுண்டிங்' இதழில்.

படிப்பு முடிந்தவர்கள் எங்கே போவார்கள்?

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வருவோம். படிப்பு முடிந்தவர்கள் இரண்டு வகையாக மன்றத்தைக் கெடுக்கலாம். ஒன்று, ஒரேயடியாக விட்டுவிட்டுப் போவது. இன்னொன்று, போகாமலே இருப்பது. முப்பது வயதானவர் வந்து உட்கார்ந்து "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தால் முதலாண்டு மாணவன் அடுத்த வாரம் வர மாட்டான்.

பாஸ்டனில் இதற்கு ஒரு வழி பிறந்தது. 1967இல் நியூ இங்கிலாந்து அறிவியல் புனைகதைச் சங்கம் என்று ஒன்று தொடங்கியது. சுருக்கமாக 'நெஸ்ஃபா'. எம்.ஐ.டி. மன்றத்தில் பழகியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். ஆண்டுதோறும் 'பாஸ்கோன்' மாநாடு நடத்துவது, புத்தகம் பதிப்பிப்பது, 1966க்குப் பிந்தைய இதழ்களுக்குச் சுட்டி போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பாயிற்று. அலமாரி மாணவர்களிடமே இருந்தது. நுட்பமான பாகப்பிரிவினை: பெரியவர்களுக்குத் தனிக்குடித்தனம், பூர்வீக வீடு பிள்ளைகளுக்கு.

1971இல் உலக அறிவியல் புனைகதை மாநாடு பாஸ்டனுக்கு வந்தது. தலைமையேற்று நடத்தியவர் எம்.ஐ.டி. மன்றத்திலிருந்து வந்த அந்தோணி லூயிஸ். அங்கே நடந்ததுதான் இந்த மன்றத்தின் கதையிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

ஹோட்டல் வராந்தாவில் ஒரு கோஷம்

லேரி நிவன் என்ற எழுத்தாளர் 1970இல் 'ரிங்வேர்ல்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். ஒரு சூரியன். அதைச் சுற்றி 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில், அதாவது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தில், ஒரு மாபெரும் வளையம். அகலம் மட்டும் சுமார் 16 லட்சம் கிலோமீட்டர். உட்பக்கத்தில் கடல், மலை, ஊர், மக்கள். பரப்பளவு கிட்டத்தட்ட 30 லட்சம் பூமிகளுக்குச் சமம். வளையம் விநாடிக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் சுற்றும், ஒரு சுற்றுக்குச் சுமார் 9 நாள். ராட்டினத்தில் உட்கார்ந்தால் வெளிப்பக்கம் தள்ளுமே, அந்தத் தள்ளல்தான் அங்கே உள்ளவர்களைத் தரையில் நிற்க வைக்கும்.

அந்த 1971 மாநாட்டில் 'ரிங்வேர்ல்ட்' ஹியூகோ விருது வாங்கியது. அதே மாநாட்டில் எம்.ஐ.டி. மாணவர்கள் ஹோட்டல் வராந்தாவில் கோஷம் போட்டுக்கொண்டு போனார்கள். வாழ்க ஒழிக இல்லை. வளைய உலகம் நிலையாக நிற்காது என்று கோஷம்! நிவனே பிற்பாடு இதைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறார்.

மாணவர்கள் சொன்னது சரி. ஏன்னு பார்ப்போம். சூரியன் வளையத்தின் மையத்தில் மிகச்சரியாக இருக்கும்வரை எல்லாப் பக்கமும் இழுப்பு சமம். ஒரு விண்கல் மோதி வளையம் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சூரியனுக்குக் கிட்டே வரும். கிட்டே வந்த பக்கத்தில் இழுப்பு கூடும். தூரப் போன பக்கத்தில் குறையும். அதனால் கிட்டே வந்த பக்கம் இன்னும் கிட்டே வரும். பூமி மாதிரி ஒரு கோள் என்றால் இழுப்புக்கு ஏற்றபடி தன் பாதையில் சுற்றிக்கொள்ளும். விறைப்பான முழு வளையத்துக்கு அது முடியாது. ஊசிமுனையில் நிறுத்திய பென்சில் மாதிரிதான்: சாய ஆரம்பித்தால் தானாக நிமிராது. கடைசியில் வளையம் போய்ச் சூரியனில் உரசும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1859இல் வெளியிட்ட ஆய்வில், சனிக்கோளின் வளையம் சீரான ஒரே திடப்பொருளாக இருக்க முடியாது, தனித்தனியாகச் சுற்றும் எண்ணற்ற துகள்களாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்.

நிவன் என்ன செய்தார்? கோபப்படவில்லை. 1980இல் 'ரிங்வேர்ல்ட் இன்ஜினியர்ஸ்' என்று அடுத்த நாவல். வளையத்தின் விளிம்பில் அதை இடத்தில் தள்ளி நிறுத்தும் உந்து இயந்திரங்கள் இருந்தன, அவற்றை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், வளையம் ஆடிக்கொண்டிருக்கிறது, உலகம் அழியப்போகிறது! மாணவர்கள் கண்டுபிடித்த பிழையே கதையின் கருவாகிவிட்டது.

இன்னொன்று சொல்லணுமே. பிங்க்டெக்ஸ் தொடங்கிய மேரிலின் விசோவாட்டியை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? 1969இல் அவர் திருமணம் செய்துகொண்டது இந்த லேரி நிவனைத்தான். வளையத்தைத் தட்டிக்கேட்டவர்கள் ஒரு வகையில் நிவனுக்கு மனைவி வீட்டு ஆட்கள். மாப்பிள்ளையைக் கேள்வி கேட்க உரிமை உள்ளவர்கள்!

எல்லாவற்றையும் வைத்திருப்பது என்றால்

ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசிடுவோம். கேம்பெலைப் பற்றி ஆரம்பத்தில் பெருமையாகச் சொன்னேன். இன ஒதுக்கலை ஆதரித்தும் கறுப்பின மக்களைத் தாழ்த்தியும் அவர் எழுதியிருக்கிறார். அவர் பெயரில் புதிய எழுத்தாளர்களுக்குத் தரப்பட்டுவந்த விருது, 2019இல் அதைப் பெற்ற ஜெனட் இங் மேடையிலேயே அவரைக் கடுமையாக விமர்சித்த பிறகு, பெயர் மாற்றப்பட்டது. இன்று அது 'அஸ்டவுண்டிங்' விருது.

நூலகம் இங்கே என்ன செய்யணும்? அந்த இதழ்களை ஒளித்துவைக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அலமாரியில் வைத்தால் போதும். எடுத்துப் படித்து, இது அருமை, இது அநியாயம் என்று அடுத்த தலைமுறை தானே முடிவு செய்யும். "நாங்க ரசிகர்கள் இல்லை, படிக்கிறவங்க" என்ற அந்த முழக்கத்தை முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கிட்டேன். இப்போ யோசிச்சா அதில் ஒரு நிதானம் தெரியுது. கட்-அவுட் வைத்தவருக்கு வளையம் ஆடுவது கண்ணில் படாது. பக்கம் பக்கமாகப் படித்தவருக்குத்தான் படும்.

அப்போ, எப்படி நிலைத்தது?

என் பதிலை மூன்றாகச் சொல்றேன். முதலாவது, அவர்களுக்கு அடுத்தவர் கையில் கொடுக்க ஒரு பொருள் இருந்தது. உற்சாகத்தைக் கைமாற்ற முடியாது, அலமாரியைக் கைமாற்றலாம். இரண்டாவது, ஆளின் தலையில் இருந்ததைப் பட்டியலுக்கு மாற்றினார்கள். ஆள் போனாலும் அறிவு நின்றது. மூன்றாவது, பழையவர்கள் வேறொரு வீட்டுக்குக் குடிபோனார்கள். சாவி எப்போதும் இருபது வயதுக்காரர் கையிலேயே இருந்தது.

உங்களில் யாராவது கல்லூரியில் வாசகர் வட்டமோ, திரைப்பட மன்றமோ, வானியல் குழுவோ நடத்தினால், இந்த மூன்றையும் ஒரு முறை கேட்டுப்பாருங்க. நீங்கள் போன பிறகு அங்கே என்ன பொருள் இருக்கும்? எது எங்கே இருக்குன்னு எங்காவது எழுதியிருக்கா? சாவி யாரிடம்?

ரூடி நுண்படம் எடுக்க நினைத்தபோது அவர் கவலையெல்லாம் நொறுங்குகிற தாளைப் பற்றியதுதான். தாள் நொறுங்கும், அதைத் தடுக்க முடியாது. மாணவர்களும் நாலு வருஷத்தில் போவார்கள், அதையும் தடுக்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு அலமாரி எழுபது வருஷமாக நிற்கிறது. இன்னைக்கும் யாரோ ஒரு மாணவர் வகுப்பு முடிந்து வந்து பூட்டைத் திறந்தால், உள்ளே போய் எடுத்துப் படிக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு மன்றம் இருந்திருந்தால், அது எப்படி நின்றது, இல்லை எப்படி நின்றுபோனது என்று எழுதுங்க.